முதலில் சொல்லைக் கொடுங்கள்: வளரிளம் பிள்ளைகளுக்கான பாலியல் நலக் கல்வி குறித்து ஒரு தாய்க்குப் பதில்

எட்டாம் வகுப்பில் மகளும் பத்தாம் வகுப்பில் மகனும் படிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். பள்ளியில் வளரிளம் பருவ நலம் குறித்துச் சில வகுப்புகள் நடத்தப்போவதாகவும், பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் வீட்டுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. "இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும், நம் குடும்பத்தில் இந்த வழக்கமே இல்லை" என்று மாமியார் தடுக்கிறார். கணவர் வாய் திறக்கவில்லை. கட்டுப்பாடாக வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கல்வி ஒத்துவருமா, ஒத்துவரும் என்றால் எதை, எந்த வயதில், யார் சொல்வது என்பது அவருடைய கேள்வி.

கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் அத்தையின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போட வேண்டாம். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் அவர் பேசுகிறார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தாலுகா அரசு மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணி செய்தவன் நான். ஒரு நாள் மாலை, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை அவனுடைய பாட்டி அழைத்துவந்தார். முதல் நாள் இரவிலிருந்து வயிறு வலிக்கிறது என்று அவன் சொல்லியிருந்தான்; பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், காலையில் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், மதியம் கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வலித்த இடம் வயிறே இல்லை. விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டு அதற்குப் போகும் ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். நேரம் கடந்தால் அதை அகற்ற வேண்டிவரும். அந்தப் பையனுக்கு அகற்ற வேண்டிவந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டபோது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான். அவனுக்குத் தெரிந்த பெயர்கள் தெருவில் வசவாகக் கேட்டவை மட்டுமே; அவற்றைப் பாட்டியிடம் சொல்ல முடியாது. பாட்டியிடம் சொல்லக்கூடிய பெயர் ஒன்றை யாரும் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை.

பாலியல் கல்வி என்று கேட்டவுடன் உங்கள் அத்தையின் மனத்தில் என்ன எழுகிறதோ எனக்குத் தெரியாது. என் மனத்தில் எழுவது அந்தப் பையனின் முகம். நம் வீடுகளில் குழந்தை பேசத் தொடங்கியதும் கண், காது, மூக்கு, தொப்புள் என்று தொட்டுத்தொட்டுப் பெயர் சொல்லிக்கொடுக்கிறோம். தொப்புளுக்குக் கீழே வந்ததும் நேராக முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். குழந்தை ஆடையில்லாமல் ஓடினால் "ஷேம் ஷேம்" என்று கைதட்டிச் சிரிக்கிறோம். பல குழந்தைகள் அந்த உறுப்பின் பெயரே "ஷேம் ஷேம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. வெட்கம் என்பதையே ஓர் உறுப்பின் பெயராகக் கற்ற குழந்தை, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் வலி வந்தாலோ, கட்டி வந்தாலோ, யாராவது கை வைத்தாலோ அதை எந்த வாயால் வந்து சொல்லும்? ஆணுறுப்பு, விதைப்பை, பெண்ணுறுப்பு, கருப்பை, மார்பு, ஆசனவாய் என்று நாகரிகமான, பாடநூலிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் ஒரே பொருள் தரும் சொற்கள் தமிழில் இருக்கின்றன. வீட்டில் செல்லப்பெயர் ஒன்று வழங்கினால் வழங்கட்டும். ஐந்து வயதுக்குள் இந்தச் சொற்களும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவைதான்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இது உங்கள் வீட்டில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை. 2005-இல் மத்திய அரசு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புடன் சேர்ந்து, பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் பாடப்பொருளும் படங்களும் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று கூறி அதை நிறுத்தின. 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. ஆக, உங்கள் அத்தை சொல்வதை நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கிறது. எனினும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் முன்கூட்டியே உடலுறவில் ஈடுபடுவதில்லை என்று தெளிவாகவே கூறுகிறது. 2024 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றமும், குழந்தைகளைப் பாலியலாகச் சித்தரிக்கும் காட்சிகள் தொடர்பான ஒரு தீர்ப்பில், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்றும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றும் நிலவும் எண்ணங்களைக் குறிப்பிட்டு மறுத்து, முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று வலியுறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்துபோன தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு அது.

பேசாமல் இருந்ததற்கு நாம் கொடுத்த விலையும், பேசியதால் பெற்ற பயனும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துக் கண்டார்கள். நம் நாட்டின் ஒழுக்கத்துக்கு இந்த நோய் வராது என்று அதுவரை நம்பியிருந்த பலருக்கு அந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தது. 1994-இல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு ஒரு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் கேட்ட விளம்பரம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை டீக்கடையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசியது இதே தமிழ்ச் சமூகம்தான். மனநல மருத்துவர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் இல்லற வாழ்வின் ஐயங்களுக்கு நகைச்சுவை கலந்து விடை சொன்னபோது குடும்பங்கள் உட்கார்ந்து கேட்டன. நம்மால் பேச முடியாது என்பது உண்மை இல்லை. பெரியவர்களுக்குள் பேசிக்கொண்டோம்; பிள்ளைகளிடம் பேச மட்டும் நமக்கு ஒரு நடை அமையவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் பேசாமல் இருக்கிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பெண் பூப்படைந்தால் பத்திரிகை அடிக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்தோடு வருகிறார், சாலையோரத்தில் அவள் படம் போட்ட பேனர் நிற்கிறது. ஊருக்கே அறிவித்துவிட்ட அந்த நிகழ்வு உண்மையில் என்ன என்பதை அவளிடம் மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு என்று ஒதுங்கியிருக்கும் முறைகளையே சொல்லுகிறோம்; அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் மாதந்தோறும் வருகிறது என்பதைச் சொல்வதில்லை. அடிபடாமல் ரத்தம் வந்ததைப் பார்த்து, ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்க அழுதுகொண்டிருந்த பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் நீராட்டு விழாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த விழாவுக்கு முந்தைய ஆண்டே, ஒன்பது பத்து வயதில், தாயோ அத்தையோ அவளை உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்த விழா அவளுக்கும் உரியதாக இருந்திருக்கும்.

என்ன பேசுவது? கருப்பை ஒவ்வொரு மாதமும் ஒரு குழந்தையை ஏற்பதற்காக உள்சுவரில் மெத்தை போல ஒரு படலத்தை வளர்த்துக்கொள்கிறது. கரு உருவாகாத மாதத்தில் அந்தப் படலம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. அது கெட்ட ரத்தம் இல்லை, அழுக்கும் இல்லை. இவ்வளவு போதும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இராது. 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 15 வயதாகியும் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் முழுதும் நனைந்தாலோ, பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு மாதந்தோறும் வலித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அந்த வலியைத் தள்ளிப்போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மகள் விழுங்குகிறாளா, குப்பையில் போடுகிறாளா என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஊரகப் பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2011-லேயே அறிவித்தது. பொருள் வந்த வேகத்தில் விளக்கம் வரவில்லை என்பதே என் வருத்தம்.

இதோடு சேர்த்துக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது அந்தப் புற்றுநோய். எச்.பி.வி. என்ற வைரஸே அதற்குப் பெரும்பாலும் காரணம். தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகச் சிறந்தது. திருமணத்துக்கு வெகுகாலம் முன்பே போடுவதால்தான் அது முழுப் பயன் தருகிறது. இந்தத் தடுப்பூசியைப் போட்டால் மகளை ஏதோ தவறுக்கு அனுமதித்ததாக ஆகும் என்று தயங்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்ததைப் போன்றதே இதுவும்.

மகன் விஷயத்தில்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால் நம் சமூகத்தில் பெண்பிள்ளைக்குக் குறைந்தபட்சம் ஒரு சடங்காவது இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எதுவுமே இல்லை. குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, ஒரு நாள் காலையில் படுக்கை நனைந்திருக்கிறது. யாரிடமும் கேட்க முடியாமல், கால்சட்டையை யாருக்கும் தெரியாமல் துவைத்துக் காயப்போடுகிறான். பிறகு அவனுக்கு ஆசிரியர்களாக வருபவர்கள் யார்? அவனைவிட இரண்டு வயது மூத்த, அவனைவிடக் குழம்பிய பையன்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டு விளம்பரம். இரவு நேரத் தொலைக்காட்சியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து "இளைஞர்களே, நீங்கள் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது" என்று மிரட்டும் வைத்தியர். ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்ற நம்பிக்கையை வைத்து எத்தனை ஏழைக் குடும்பத்துப் பையன்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் பறித்திருக்கிறார்கள்! இந்த அச்சத்தால் வரும் சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றுக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் அதைத் தாது நோய்க்குறி என்று பதிவு செய்தார். அந்தப் பையன்களின் உடலில் நோய் இல்லை. அவர்களை வாட்டியது அச்சம்தான். பாலுணர்வு ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் அவை நிற்கவில்லை, ஏனென்றால் வீட்டில் ஒருவரும் அந்தப் பையனிடம் பேசவில்லை.

உங்கள் கணவர் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அவருடைய தந்தை எதையும் சொல்லியிருக்கமாட்டார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் அவர் அமைதியாக இருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் பதினைந்து வயது மகனிடம் பேச வேண்டியவர் அவர்தான். அவரால் இயலாவிட்டால் உங்கள் தம்பியோ அண்ணனோ பேசட்டும். சகோதரியின் மகளுக்குச் சீர் செய்யும் தாய்மாமனுக்கு மருமகனிடம் நான்கு வார்த்தை பேசும் உரிமையும் உண்டு. வண்டியில் இருவரும் போகும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசுவது எளிது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் உடல் மெலியாது. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, பிற்காலத்தில் குழந்தைப்பேறு கெடாது. அது தனிமைக்கு உரியது, படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மட்டுமே கவனிக்க வேண்டும். உறுப்பின் அளவை எண்ணி ஏங்க வேண்டாம். இந்த வயதில் ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு மார்பு சற்றே புடைத்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே அடங்கிவிடும். விதைப்பையில் திடீரென்று வலி வந்தால் நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்திகள் இவை. சட்டையைக் கழற்ற அஞ்சி விளையாட்டு வகுப்பையே தவிர்த்த பையன்களிடம் அந்த மார்புப் புடைப்பு பற்றிச் சொன்னபோது அவர்கள் விட்ட பெருமூச்சை நான் மறக்கமாட்டேன்.

அவனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதை நீங்களே சொல்லுங்கள். மாதவிடாய் பற்றி அவனுக்கும் தெரிய வேண்டும். தங்கை வயிற்றுவலியோடு படுத்திருக்கும்போது அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கவும், கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வரவும் அவன் பழகட்டும். கடைக்காரர் அதைக் கறுப்புப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றிக் கொடுத்தால், எதற்கு என்று கேட்கவும் பழகட்டும். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதன் பொருள் வேண்டாம் என்பதே, பின்தொடர்ந்தால் காதல் வரும் என்று திரையில் பார்த்தது பொய் என்பதையும் அவன் தாயின் வாயால் கேட்பது நல்லது.

பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் நிறைவடையாது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் மிட்டாய் கொடுத்துக் கூட்டிப்போவான் என்று எச்சரிக்கும் நம் வழக்கம் இங்கே போதவில்லை. மாமா, அண்ணன், சார், பக்கத்து வீட்டுத் தாத்தா என்று நாம் மதிக்கச் சொல்லிக்கொடுத்த உறவுச்சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் நெருங்குகிறார்கள். பெரியவர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று வளர்த்த பிள்ளைக்கு, உன் உடல் விஷயத்தில் எந்தப் பெரியவரையும் மறுக்கலாம், யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம் வந்து சொல் என்று நாமே விலக்கு அளிக்க வேண்டும். உறவினர் மடியில் உட்கார மறுக்கும் குழந்தையை "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வற்புறுத்துவதை இன்றே நிறுத்துங்கள். பள்ளிகளில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று கற்பிக்கிறார்கள். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்பதே எனக்கு மேலான சொல்லாகத் தோன்றுகிறது, ஏனென்றால் கெட்டது என்ற சொல் குழந்தையின் மனத்தில் தன்னையே கெட்டவளாக, கெட்டவனாக எண்ணவைத்துவிடுகிறது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் ஆண், பெண் இருபாலாருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்காகச் சொல்கிறேன்: குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது, வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, காவல் சீருடை அணியாமல், கூடியவரை ஒரு பெண் அதிகாரியே வந்து பதிவு செய்ய வேண்டும், பெண்பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் கருத்தடை மாத்திரையும் பயன் தரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பத்தாம் வகுப்புப் பையனின் தாய்க்கு அது தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் சட்டத்தின் பார்வையில் சம்மதமே இல்லை. பதினாறு, பதினேழு வயதில் இருவரும் விரும்பிச் சென்றாலும் பெண்ணின் பெற்றோர் புகார் கொடுத்தால் பையன் மீது வழக்குப் பாயும். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தபோது, காதலிக்கும் வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று குறிப்பிட்டது. ஆனால் 2023-இல் சட்ட ஆணையம் சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. எனவே இன்றைய நிலையில் சட்டம் பதினெட்டில்தான் நிற்கிறது. நான் பல பெண்பிள்ளைகளைக் கருவுற்று ஐந்தாம் மாதத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் கருவுற்றதே அவர்களுக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் சொல்ல அஞ்சியது. காவல்துறைக்குத் தகவல் போகும் என்ற அச்சத்தில் போலி மருத்துவரிடம் போய்விடக்கூடாது என்பதற்காகவே, 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அளிக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. காதல் வரக்கூடாது என்று பிள்ளைகளிடம் ஆணையிடுவதால் காதல் வராமல் இருக்காது. வந்தால் என்னிடம் சொல், கத்தமாட்டேன், பள்ளிப் படிப்பு முடியும்வரை எல்லை என்ன என்பதைச் சேர்ந்து பேசுவோம் என்று சொல்லும் வீட்டில் அந்த ஐந்தாம் மாதம் நேராது என்று என் அனுபவத்தில் நம்புகிறேன்.

கைப்பேசி பற்றி நீண்ட அறிவுரை வேண்டாம். தோழியின் அந்தரங்கப் படத்தைச் சேமித்து வைப்பதும் அனுப்புவதும் விளையாட்டு இல்லை, குற்றம் என்பதை மகனிடமும், யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணமோ அடுத்த படமோ கொடுக்காமல் உடனே வந்து சொல்ல வேண்டும், சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கமாட்டேன் என்பதை மகளிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் பிள்ளைகள் மிரட்டுபவனுக்குப் பணிந்துபோகிறார்கள்.

சில பிள்ளைகளுக்குத் தங்கள் பாலினம் பற்றியோ ஈர்ப்பு பற்றியோ மற்றவர்களிலிருந்து வேறான உணர்வு இருக்கும். 2021-இல் அப்படியொரு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். 2022-இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிப்பதற்கான மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதற்குமுன் வசவுகளே வழங்கிய இடத்தில் சொற்கள் வந்திருக்கின்றன. கற்றறிந்த ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பள்ளியிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்ற பாடமும், பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடமும் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் அத்தை அஞ்சும் பாடம் உங்கள் மகளின் புத்தகப்பையிலேயே கிடக்கிறது. "வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்" என்று பல ஆசிரியர்கள் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள் என்பதே குறை. அவர்களையும் நான் பழிக்கமாட்டேன். பயிற்சி இல்லாமல், நாற்பது பிள்ளைகள் சிரிக்கும் வகுப்பில் நின்று அதைச் சொல்வது எளிதல்ல. ஆகவே கையெழுத்திடும் முன் பள்ளிக்குச் சென்று மூன்றைக் கேளுங்கள். நடத்துபவர் யார், அதற்கெனப் பயிற்சி பெற்றவரா? பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வைப்பார்களா? ஆண்பிள்ளைகளுக்கும் அதே பாடம் உண்டா, அல்லது பெண்பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் கூட்டி நாப்கின் கொடுத்து அனுப்பிவிடுவார்களா? பெற்றோருக்கும் முதலில் ஒரு கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள்.

அதற்கு முன்பு ஓர் இரவு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, அத்தையிடம் உட்கார்ந்து அவருடைய முதல் மாதவிடாய் அன்று யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள், அதன்பின் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்துக் குடிசையில் தனியே கிடந்த அந்தச் சில நாட்களைப் பற்றி, ஒருவரும் காரணம் சொல்லாத அந்த அச்சத்தைப் பற்றி, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் சொல்லத் தொடங்குவார்கள். அவர் பேசி முடித்ததும், உங்கள் மகளிடம் இதை அவரே சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.